குழந்தைச் சுற்றுத்துணி

குழந்தைச் சுற்றுத்துணி என்பது பிறந்த குழந்தையின் உடலைச் சுற்றிப் போர்த்துவதற்குப் பயன்படும் மென்மையான துணி ஆகும். குழந்தையின் உடல் வெப்பத்தைக் காப்பதும், திடுக்கிட்டு விழிக்காமல் உறங்கச் செய்வதும் இதன் முதன்மையான பயன்கள். சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்த பருத்தித் துணியே இதன் எளிய வடிவம். பழைய பருத்திச் சேலை, வேட்டி ஆகியவற்றிலிருந்து கிழித்தெடுக்கும் துண்டு, பல அடுக்குகளை இணைத்துத் தைத்த விரிப்பு, கடைகளில் விற்கப்படும் ஒட்டுப்பட்டியோ இழுபட்டியோ உள்ள பை ஆகியனவும் இவ்வகையில் அடங்கும்.

குழந்தையைத் துணியால் சுற்றும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் மிகப் பழங்காலம் முதல் இருந்து வருகிறது. இவ்வழக்கம் நல்லதா, தீயதா என்ற விவாதமும் பழமையானதே. இன்றைய மருத்துவ அறிவின்படி, சுற்றுவதால் விளையும் நன்மையும் தீமையும் நான்கு கூறுகளைப் பொறுத்தவை: துணியின் தன்மை, சுற்றும் இறுக்கம், குழந்தை படுத்திருக்கும் நிலை, குழந்தையின் வயது.

வரலாறு

பண்டைய கிரேக்க, இத்தாலியக் கோயில்களில் காணிக்கையாக வைக்கப்பட்ட சுடுமண் உருவங்களில், கழுத்து முதல் பாதம் வரை நாடாவால் சுற்றப்பட்ட குழந்தைகளின் உருவங்கள் கிடைத்துள்ளன. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எபேசு நகர மருத்துவர் சொரானசு, மகளிர் மருத்துவம் பற்றிய தமது நூலில் குழந்தையைச் சுற்றும் முறையை விரிவாக விளக்கியுள்ளார். கை, மார்பு, கால் ஆகிய உறுப்புகளைத் தனித்தனியே மென்மையான கம்பளி நாடாவால் சுற்றவேண்டும் என்பதும், பின்னர் அக்கட்டுகளைச் சிறிது சிறிதாக நீக்கவேண்டும் என்பதும் அவரது அறிவுரைகள். குழந்தையின் உறுப்புகள் மெழுகுபோல் இளகியவை, அவற்றைக் கட்டி வைத்தால்தான் நேராக வளரும் என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. விவிலியத்தின் லூக்கா நற்செய்தியிலும், பிறந்த இயேசு துணிகளில் சுற்றப்பட்ட செய்தி இடம்பெற்றுள்ளது.

இத்தாலியின் புளோரன்சு நகரில் 1445ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தின் முகப்பில், ஆந்திரேயா டெல்லா ரோபியா என்னும் சிற்பி துணி சுற்றிய குழந்தைகளின் உருவங்களை நீலப் பின்னணியில் மெருகிட்ட சுடுமண் வட்டங்களாக அமைத்தார். இவை 1487ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் சின்னத்தில் உள்ள குழந்தையுருவம் இச்சிற்பங்களைத் தழுவியது.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவ்வழக்கத்துக்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆங்கில மருத்துவர் வில்லியம் கடோகன் 1748ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலும், பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762ஆம் ஆண்டு வெளியிட்ட 'எமீல்' நூலிலும் இறுகச் சுற்றுவதைக் கண்டித்தனர். இறுக்கமான கட்டு உடல் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதும், பிறந்தவுடனேயே மனிதனின் விடுதலையைப் பறிப்பதாகும் என்பதும் இத்தகையோரின் வாதங்கள். இதன் பின்னர் மேற்கு ஐரோப்பாவில் நாடாவால் கட்டும் முறை படிப்படியாக மறைந்தது. கிழக்கு ஐரோப்பா, உருசியா, துருக்கி, நடு ஆசியா, மங்கோலியா ஆகிய பகுதிகளில் அது நீண்ட காலம் நிலைத்தது. வட அமெரிக்கப் பழங்குடிகளான நவகோ மக்கள், குழந்தையைத் துணியால் சுற்றிப் பலகைத் தொட்டிலில் பிணைத்து வைக்கும் வழக்கம் உடையவர்கள்.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கவேண்டும் என்ற பரப்புரை மேற்கு நாடுகளில் தொடங்கியது. மல்லாக்கப் படுத்த குழந்தை அடிக்கடி திடுக்கிட்டு விழித்ததால், தளர்வாகச் சுற்றும் வழக்கம் அந்நாடுகளில் மீண்டும் பரவியது.

இந்தியாவில் சுற்றுத்துணி

இந்தியாவின் பல பகுதிகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியை விடப் பழந்துணியே விரும்பப்படுகிறது. பலமுறை துவைத்த பருத்தி நூலிலிருந்து கஞ்சியும் மிகைச் சாயமும் நீங்கிவிடுகின்றன. இழைகளும் தளர்ந்து மென்மையாகின்றன. ஆகவே பழந்துணி நீரை விரைவில் உறிஞ்சுகிறது, தோலை உரசுவதில்லை.

வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையலால் இணைத்துச் செய்யப்படும் 'காந்தா' குழந்தைகளின் விரிப்பாகவும் போர்வையாகவும் பயன்படுகிறது. அடுக்குகளைத் தைக்கும் நூலைச் சேலையின் கரையிலிருந்தே உருவி எடுப்பது பழைய முறை. பீகார் மாநிலத்தின் 'சுசினி' விரிப்பும் பழந்துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் பிறந்த குழந்தைக்காகத் தைக்கும் வழக்கத்திலிருந்து தோன்றியது.

தமிழகத்தில் பாட்டியின் நூற்சேலை, தாத்தாவின் வேட்டி ஆகியவற்றைத் துவைத்துக் கிழித்து மகப்பேற்றுக்கு முன்பே எடுத்துவைப்பர். குழந்தை பிறக்கும் முன் அதற்கெனப் புதுத்துணி வாங்குதல் ஆகாது என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் உள்ளது. அந்நம்பிக்கை உள்ள வீடுகளிலும் பழந்துணியை ஆயத்தம் செய்வதற்குத் தடையில்லை. மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லும் பையில் இத்துணிகள் கட்டாயம் இடம்பெறும். ஒரே சேலையின் ஒரு பகுதி சுற்றுத்துணியாகவும், மற்றொரு பகுதி தூளியாகவும், எஞ்சிய துண்டுகள் இடுப்புத்துணியாகவும் பயன்படுவது உண்டு.

குழந்தையைச் சுற்றுவதன் காரணங்கள்

வெப்பக் காப்பு

கருப்பையிலிருந்து வெளிவரும் குழந்தையின் உடல் நீரால் நனைந்திருக்கிறது. அந்நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. குளிர்ந்த பரப்பில் கிடத்துவதால் கடத்தல் மூலமும், வீசும் காற்றால் சலனம் மூலமும், அருகிலுள்ள குளிர்ந்த சுவர்களை நோக்கிக் கதிர்வீச்சு மூலமும் மேலும் வெப்பம் இழக்கப்படுகிறது. குழந்தையின் எடையுடன் ஒப்பிடும்போது அதன் தோற்பரப்பு வளர்ந்தவரை விட மிக அதிகம். அப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலைக்குரியது. பிறந்த குழந்தையால் வளர்ந்தவரைப் போல நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் இயலாது. தோளிடையிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பம் பெறுகிறது. குறைமாதக் குழந்தையிடம் இக்கொழுப்பும் குறைவு.

பிறந்த குழந்தையின் இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை செல்சியசு ஆகும். 36.5 பாகைக்குக் கீழே சென்றால் அது தாழ்வெப்பநிலை எனக் கொள்ளப்படுகிறது. குளிர் தாக்கிய குழந்தை சோர்ந்து, பால் குடிப்பதைக் குறைத்து, மேலும் குளிர்ந்துபோகும். வெப்பமான நாடுகளிலும் இது நிகழக்கூடியது. மின்விசிறியின் கீழ் ஈரத்துடன் கிடத்தப்பட்ட குழந்தை கோடையிலும் குளிர்ந்துவிடும்.

ஆகவே பிறந்தவுடன் குழந்தையை உலர்ந்த, வெதுவெதுப்பான துணியால் துடைத்து, நனைந்த துணியை உடனே அகற்றவேண்டும். இதற்காகவே குறைந்தது 2 துணிகள் ஆயத்தமாக இருக்கவேண்டும். ஒன்று துடைப்பதற்கு, மற்றொன்று போர்த்துவதற்கு. துடைத்த ஈரத்துணியிலேயே குழந்தையைச் சுற்றி வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. நலமாகப் பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் மிகச் சிறந்த வெப்ப மூலம் தாயின் மார்பே. குழந்தையைத் தாயின் தோலுடன் தோல் படும்படி கிடத்தி, இருவரையும் சேர்த்துத் துணியால் போர்த்துவதையும், முதற்குளியலை 24 மணி நேரம் தள்ளிவைப்பதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சுற்றுத்துணி தாயின் அணைப்புக்கு ஈடானது அன்று. தாயிடமிருந்து விலகியிருக்கும் வேளைக்கே அது உரியது.

உறக்கம்

தலை சட்டெனத் தாழ்ந்தாலோ உரத்த ஒலி எழுந்தாலோ, பிறந்த குழந்தை இரு கைகளையும் அகல விரித்துப் பின் அணைப்பதுபோல் குவிக்கும். ஆசுத்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்சுட் மோரோ 1918ஆம் ஆண்டு விவரித்ததால் இது மோரோ அனிச்சை எனப்படுகிறது. உறக்கத்திலும் இது நிகழ்ந்து குழந்தையை எழுப்பிவிடும். கைகளை மென்மையாகப் பொதிந்து வைத்தால் இவ்வசைவு கட்டுப்படுகிறது, உறக்கம் நீள்கிறது, அழுகை குறைகிறது. ஊசி குத்துதல் போன்ற வலியின்போதும் இது ஓரளவு ஆறுதல் தருகிறது. பிறந்து 4 முதல் 6 மாதங்களுக்குள் இவ்வனிச்சை மறைவதால், அதன் பின்னர் சுற்றுவதற்கான தேவையும் நீங்குகிறது.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல சுற்றுத்துணிக்கு வேண்டிய பண்புகள் நான்கு: தோலை உறுத்தாமை, காற்றுப் புகுதல், நீரை உறிஞ்சுதல், கொதிநீரில் துவைத்தாலும் கெடாமை. இந்நான்கும் ஒருங்கே அமைவது பருத்தியில்.

மல் அல்லது மசுலின்: சாதா நெசவில், இழைகளுக்கிடையே நுண்ணிய இடைவெளியுடன் நெய்யப்படும் மெல்லிய துணி. ஈராக்கின் மோசுல் நகரின் பெயரால் ஐரோப்பியர் இதனை மசுலின் என்றழைத்தனர். வங்காளத்தின் டாக்கா நகரம் இதன் மிக நுண்ணிய வகைக்குப் புகழ்பெற்றிருந்தது. வெப்பமான பகுதிகளுக்கு இதுவே மிகப் பொருத்தமானது.

பழைய நூற்சேலையும் வேட்டியும்: மென்மையிலும் உறிஞ்சுதலிலும் சிறந்தவை. சரிகைக் கரை தோலைக் கீறும் என்பதால் அதனை வெட்டி நீக்கவேண்டும்.

பனியன் துணி: பின்னல் முறையில் செய்யப்படுவதால் நீண்டு சுருங்கும். கை கால் அசைவுக்கு இடம் தரும். நெய்த துணியை விடத் தடிப்பாக இருப்பின் கோடையில் வெப்பம் மிகும்.

பிளானல்: மேற்பரப்பில் மென்பிசிறு எழுப்பப்பட்ட துணி. காற்றைத் தன்னுள் தேக்கி வெப்பம் காப்பதால் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கும் மார்கழிக் குளிருக்கும் ஏற்றது. ஐக்கிய அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகக் காணப்படும், இளஞ்சிவப்பும் நீலமும் கோடிட்ட வெள்ளைப் போர்வை இவ்வகையைச் சேர்ந்தது.

தேங்காய்ப்பூத் துண்டு: குளிப்பாட்டிய பின் துடைக்க நல்லது. தடிப்பாலும் எடையாலும் உறங்கும் குழந்தையைச் சுற்ற ஏற்றதன்று.

பாலியெசுட்டர் போன்ற செயற்கை இழைத் துணிகள் வியர்வையை உறிஞ்சாமல் தோலின் மேல் தேக்கி வேர்க்குருவுக்கு வழி செய்கின்றன. கம்பளி நேரடியாகத் தோலில் பட்டால் உறுத்தும். தேவைப்படின் பருத்தித் துணியின் மேல் அதனைப் போர்த்தலாம். சிறு மணிகள் நிரப்பி எடை கூட்டப்பட்ட சுற்றுத்துணிகளும் சில நாடுகளில் விற்கப்படுகின்றன. இவை குழந்தையின் மார்பை அழுத்தக்கூடியவை என்பதால் பயன்படுத்தலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022ஆம் ஆண்டின் வழிகாட்டலில் அறிவுறுத்தியுள்ளது.

கடையில் துணி எடுக்கும்போது அதனை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நெசவின் நெருக்கம் தெரியும். நெருக்கமான நெசவு காற்றைத் தடுக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பதை அறியலாம்.

சுற்றுத்துணி தைக்கும் முறை

பிறந்த குழந்தைக்குப் பக்கம் 90 சென்டிமீட்டர் உள்ள சதுரத் துணி முதல் சில வாரங்களுக்குப் போதும். 100 முதல் 120 சென்டிமீட்டர் வரை உள்ள துணி 2, 3 மாதங்கள் வரை பயன்படும். கடைகளில் பருத்தித் துணி பெரும்பாலும் 90 அல்லது 112 சென்டிமீட்டர் அகலத்தில் கிடைப்பதால், அகலம் எவ்வளவோ அதைவிடச் சற்றுக் கூடுதலான நீளம் வாங்கினால் துணி வீணாகாது.

1. வெட்டுவதற்கு முன்பே துணியை வெந்நீரில் துவைத்து உலர்த்தவேண்டும். புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். வெட்டித் தைத்த பின் சுருங்கினால் சதுரம் கோணலாகும். ஆலையில் ஏற்றப்பட்ட கஞ்சியும் இத்துவைப்பில் நீங்குகிறது.

2. துணியை இழையோட்டத்திற்கு நேராகச் சதுரமாக வெட்டவேண்டும். மூலைவிட்டமாக மடித்துப் பார்க்கும்போது ஓரங்கள் பொருந்தினால் சதுரம் சரியாக உள்ளது.

3. நான்கு ஓரங்களையும் முதலில் அரை சென்டிமீட்டரும், பின்னர் 1 சென்டிமீட்டரும் மடித்துத் தைக்கவேண்டும். இவ்விரட்டை மடிப்பினால் வெட்டிய ஓரம் உள்ளே மறைந்து, இழை பிரியாமல் இருக்கும்.

4. தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கி ஓரிரு தையல் இட்டு நூலை ஒட்ட வெட்டவேண்டும்.

5. பொத்தான், மணி, நாடா, சரிகை, குஞ்சம் ஆகிய எதனையும் சேர்க்கலாகாது.

நூலை ஒட்ட வெட்டுவது அழகுக்காக மட்டும் அன்று. பிரிந்து தொங்கும் நூலோ தலைமுடியோ குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுப்பது உண்டு. துணிக்குள் மறைந்திருக்கும் கால்விரல் வீங்கிச் சிவப்பது எளிதில் கண்ணில் படாது. காரணமின்றி விடாது அழும் குழந்தையின் துணியை அவிழ்த்துக் கை, கால் விரல்களைப் பார்க்கவேண்டும் என மருத்துவர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழஞ்சேலையில் தைப்பதாயின், முந்தானையை ஒட்டிய, குறைவாகத் தேய்ந்த பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். மிக மெலிந்து கிழியும் நிலையில் உள்ள துணியை இரண்டு அடுக்காக வைத்து, காந்தா முறையில் நெருக்கமாக ஓட்டுத்தையல் இட்டால் அது மேலும் சில மாதம் உழைக்கும். சிறுநீரால் அடிக்கடி நனையும் என்பதால் 6 முதல் 8 துணிகள் வரை வைத்துக்கொள்வது வசதியானது.

துவைத்தலும் சேமித்தலும்

துணிகளை மென்மையான சவர்க்காரத்தில் துவைத்து, நுரை முற்றிலும் நீங்கும் வரை இருமுறையேனும் அலசி, வெயிலில் உலர்த்தவேண்டும். கஞ்சியும் நீலமும் இடத்தேவையில்லை. முழுவதும் உலராத துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

சேமிப்பில் கவனிக்கவேண்டியது அந்துருண்டை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டியிலும் பீரோவிலும் இடப்படும் அந்துருண்டைகள் பல நாப்தலீன் என்னும் பொருளால் ஆனவை. அதன் ஆவி துணியில் படிந்து, குழந்தையின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுள் செல்லும். ஜி6பிடி என்னும் நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளில் இது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். காமாலை முற்றினால் மூளை பாதிக்கப்படும், உயிரிழப்பும் நேரலாம். நாப்தலீன் இட்டு வைத்திருந்த துணி, போர்வை ஆகியவற்றால் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்ந்ததைக் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963ஆம் ஆண்டு வெளியிட்டனர். இந்நொதியக் குறைபாடு இந்தியாவிலும் காணப்படுகிறது, ஆண் குழந்தைகளிடம் மிகுதி. குறைபாடு இருப்பது பிறந்தவுடன் வெளியே தெரியாது. ஆகவே பீரோவில் இருந்த பழஞ்சேலையை எடுத்து உடனே குழந்தைக்குச் சுற்றுவது தகாது. குழந்தைத் துணிகளை அந்துருண்டை இல்லாத தனியிடத்தில் வைப்பதே பாதுகாப்பு.

சுற்றும் முறை

துணியைச் சாய்சதுரமாக விரித்து, மேல் மூலையை உட்புறமாக மடிக்கவேண்டும். மடிப்பின் மேல் குழந்தையின் தோள் அமையுமாறு மல்லாக்கக் கிடத்தவேண்டும். கழுத்தும் தலையும் துணிக்கு வெளியே இருக்கும். ஒரு கையை உடலோடு மென்மையாக வைத்து, அப்பக்க மூலையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து மறுபுற முதுகின் கீழ் செருகவேண்டும். கீழ் மூலையைக் கால்களின் மேல் தளர்வாக மடித்து, எஞ்சிய மூலையை அதேபோல மறுபுறம் கொண்டுசென்று செருகவேண்டும். கைகளை விறைப்பாக நீட்டிப் பிணைக்காமல், மார்பின் மேல் மடித்த நிலையில் வைப்பதும் உண்டு. வாயருகே கை செல்ல இடமிருந்தால், பசிக்கும்போது கையைச் சப்பும் குறிப்பைத் தாய் உணர்ந்துகொள்ளலாம்.

சரியாகச் சுற்றப்பட்டுள்ளதா என்பதை மூன்று வழிகளில் அறியலாம்.

* மார்புக்கும் துணிக்கும் இடையே 2 அல்லது 3 விரல்கள் எளிதாக நுழையவேண்டும்.
* குழந்தை தன் முழங்கால்களை மடக்கி மேலேயும் பக்கவாட்டிலும் அசைக்க முடியவேண்டும்.
* துணியின் எந்தப் பகுதியும் முகவாய்க்கு மேல் ஏறலாகாது.

தீங்குகள்

இடுப்பு மூட்டு

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் பந்து போன்ற தலை ஆழம் குறைந்த ஒரு கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. அக்கிண்ணத்தின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பே. கருப்பையில் மடங்கியிருந்த கால்கள் இயல்பாக விரிந்து மடங்கிய நிலையில் இருந்தால், பந்து கிண்ணத்தின் நடுவே அழுந்தி அதனை ஆழப்படுத்தும். கால்களை நீட்டி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால் பந்து விளிம்பை நோக்கித் தள்ளப்பட்டு மூட்டு விலகக்கூடும். பெண் குழந்தைகளிடமும், பிட்டம் முன்வரப் பிறந்த குழந்தைகளிடமும், குடும்பத்தில் இக்குறை உள்ளவர்களிடமும் இவ்வாய்ப்பு அதிகம். தொடக்கத்தில் வலியோ வெளித்தோற்றமோ இல்லாமையால், குழந்தை நடக்கும்போது தாங்கி நடப்பதைக் கண்டே பலர் இதனை அறிகின்றனர். காலங்கடந்து அறியப்பட்டால் அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

கால்களை நீட்டிச் சுற்றும் மக்களிடையே இக்குறை மிகுந்தும், ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கில் வாழும், கால்களை விரித்துக் குழந்தையை முதுகில் சுமக்கும் மக்களிடையே அரிதாகவும் காணப்படுகிறது. சப்பானில் 1970களில், பிறந்த குழந்தையின் கால்களை நீட்டிச் சுற்றுவதைக் கைவிடுமாறு பரவலான பரப்புரை செய்யப்பட்டது. அதன் பின்னர் அந்நாட்டில் இடுப்பு மூட்டு விலகல் பன்மடங்கு குறைந்தது. கால்களை நீட்டிக் கட்டினால் அவை நேராக வளரும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ அடிப்படை இல்லை. பிறந்த குழந்தையின் கால் சற்று வளைந்திருப்பது இயல்பு, வளர வளர அது தானே நேராகும்.

மூச்சு

மார்பை இறுக்கும் கட்டு நுரையீரல் முழுமையாக விரிவதைத் தடுக்கும். மாதக்கணக்கில் இறுகச் சுற்றப்பட்ட குழந்தைகளிடம் நுரையீரல் அழற்சி ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இருந்ததாகத் துருக்கியில் நடத்தப்பட்டு 1990ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது.

திடீர் மரணம்

நலமாக இருந்த குழந்தை உறக்கத்தில் காரணம் புலப்படாமல் இறப்பது குழந்தைத் திடீர் மரணம் எனப்படும். நான்கு ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, துணி சுற்றிய குழந்தை குப்புறப் படுத்திருக்கும்போது இவ்விடர் மிக உயர்கிறது. ஒருக்களித்துப் படுத்தல் அதற்கு அடுத்த நிலையிலும், மல்லாக்கப் படுத்தல் மிகக் குறைந்த இடருடனும் உள்ளன. வயது கூடக் கூட இடரும் கூடுகிறது. கைகள் கட்டுண்ட குழந்தை புரண்டு குப்புற விழுந்தால், முகத்தைத் திருப்பவோ உடலைத் தூக்கவோ அதனால் இயலாது என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. சுற்றிய குழந்தையை எப்போதும் மல்லாக்க, உறுதியான சமதளப் படுக்கையில் கிடத்தவேண்டும். அருகில் தலையணையும் தளர்ந்த துணியும் இருத்தலாகாது.

மிகை வெப்பம்

சென்னை, மதுரை போன்ற நகரங்களில் கோடை வெப்பம் 35 பாகைக்கு மேல் செல்லும் நாட்களில் குழந்தைக்கு இடுப்புத்துணியும் மெல்லிய சட்டையுமே போதும். சுற்றுவதாயின் ஓரடுக்கு மல் துணிக்கு மேல் வேண்டியதில்லை. பிடரியில் வியர்வை, நனைந்த முடி, சிவந்த கன்னம், வேர்க்குரு, விரைந்த மூச்சு ஆகியவை வெப்பம் மிகுந்ததன் அறிகுறிகள். வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் எளிய முறை செவிலியர் பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது. இரண்டும் இதமான சூட்டுடன் இருந்தால் குழந்தை நலமாக உள்ளது. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கியுள்ளது. இரண்டும் குளிர்ந்திருந்தால் உடனே தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தி மருத்துவ உதவி பெறவேண்டும். காய்ச்சலுள்ள குழந்தையைச் சுற்றி வைத்தல் வெப்பத்தை மேலும் கூட்டும்.

வளர்ச்சியின் மீதான தாக்கம்

சுற்றப்பட்ட குழந்தை பிந்தி நடக்கும், அறிவு மந்தமாகும் என்ற அச்சமும் நெடுங்காலமாக உள்ளது. மங்கோலியாவின் உலான் பத்தூர் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு பிரிவாக்கி நடத்தப்பட்ட ஆய்வு 2010ஆம் ஆண்டு வெளியானது. மரபு முறையில் சுற்றப்பட்ட குழந்தைகளுக்கும் சுற்றப்படாத குழந்தைகளுக்கும் இடையே உடலியக்க வளர்ச்சியிலோ மனவளர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு அதில் காணப்படவில்லை. ஒரு மக்களின் குணத்தையே இவ்வழக்கம் வடிவமைக்கிறது என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. ஆங்கில மானிடவியலாளர் சியொப்ரி கோரர் 1949ஆம் ஆண்டு வெளியான நூலில், உருசியரின் மனப்போக்கை அவர்கள் குழந்தைப்பருவத்தில் இறுகச் சுற்றப்பட்டதோடு தொடர்புபடுத்தினார். சான்றுகள் போதாமையால் அக்கருத்து கடுமையான திறனாய்வுக்கு உள்ளானது.

சுற்றுவதை நிறுத்தும் காலம்

குழந்தை புரளுவதற்கு முயலும் முதல் அறிகுறி தென்பட்டவுடன் சுற்றுவதை நிறுத்தவேண்டும். பொதுவாக இது 3 அல்லது 4ஆம் மாதத்தில் நிகழும், சில குழந்தைகளிடம் அதற்கு முன்பே நிகழலாம். தமிழ் வழக்கில் 'குப்புற விழுதல்' எனச் சிறப்பாகக் கொண்டாடப்படும் அந்நாள் வரை காத்திருப்பது பிந்தியதாகும். ஒருக்களிக்க முயலும்போதே துணியை விடவேண்டும். முதலில் ஒரு கையையும், சில நாட்களில் மறு கையையும் வெளியே விட்டு, பின்னர் துணியை முற்றிலும் நீக்கலாம். விழித்திருக்கும் வேளையில் எந்த வயதிலும் சுற்றி வைக்கத் தேவையில்லை. அப்போது கை கால்களை உதைத்து விளையாடுவதே தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் வேண்டிய பயிற்சி ஆகும்.